மடக்குக் கத்தி: கார்பனா, எவர்சில்வரா? எதுவானாலும் பராமரிப்பது எப்படி

பழைய பாணி மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கார்பன் ஸ்டீல் வாங்கலாமா, ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா? பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். என் கைக்கு வந்த பாழான கத்திகளை எண்ணிப் பார்த்தால், அலகு துருப்பிடித்து வீணானவை குறைவு. மூட்டுக்குள் அழுக்கும் ஈரமும் தங்கி இறுகிப்போனவைதான் அதிகம். அலகு கண்ணில் படுகிறது, அதனால் துடைத்துவிடுகிறோம். மூட்டு உள்ளே இருக்கிறது, மறந்துவிடுகிறோம். அதனால் பராமரிப்பை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எஃகுக்கு வருகிறேன். என்ன வேலை, எவ்வளவு வேலை என்று தெரிந்துவிட்டால் எந்த எஃகு நமக்குச் சரிப்படும் என்பது பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும்.

இங்கே நான் பேசுவது பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை. முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை ஓடும், அது அலகின் அடிக்கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும், திறக்கும்போதும் மடக்கும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பேனாக்கத்தி என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி என்பதால் வந்த பெயர் அது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், அமெரிக்காவின் கேஸ், கிரேட் ஈஸ்டர்ன் எல்லாம் இந்த வகையில் வரும். பிரான்சின் ஒப்பினெல் கொஞ்சம் வேறு. அதில் ஸ்பிரிங்கே கிடையாது, மரப்பிடியின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து வைக்கிறது, 1955 முதல் மேலே ஒரு உலோக வளையம் சுழன்று அலகைப் பூட்டுகிறது. ஜப்பானின் ஹிகோனோகாமியில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.

பூட்டு இல்லாத கத்தி என்பதால் குத்துகிற வேலைக்கும் நெம்புகிற வேலைக்கும் இது ஆகாது. குத்தினால் அலகு உங்கள் விரல் மேலேயே மடங்கும். நெம்பினால் முனை உடையும், இல்லையென்றால் அச்சாணி தளர்ந்து அலகு இருபக்கமும் ஆட ஆரம்பிக்கும். பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறக்க வேறு எதையாவது எடுங்கள்.

மூட்டைச் சுத்தம் செய்வது

கத்தியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அலகு மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள் பாருங்கள். சட்டைப்பையில் கிடந்த கத்தி என்றால் துணிப்பஞ்சு, மணல், காய்ந்த பழச்சாறு எல்லாம் அடியில் அடைந்திருக்கும். இதில் மோசமானது பஞ்சுதான். வியர்வை ஈரத்தை உறிஞ்சி, அதை அப்படியே ஸ்பிரிங்கின் மேல் பத்து நாள், இருபது நாள் என்று வைத்துக்கொண்டிருக்கும். பல்குத்தும் குச்சியால் அதை முதலில் கிளறி எடுத்துவிடுங்கள். ஊசியோ ஸ்குரூடிரைவரோ வேண்டாம், உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டைக் கீறிவிடும்.

பஞ்சு போன பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கத்தியை அதற்குள் வைத்தே பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். சோப்பு வழுக்கும், அதனால் மெதுவாக, அலகை முதுகுப்பக்கம் பிடித்தபடி. பழைய டூத்பிரஷால் மூட்டைச் சுற்றித் தேய்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிளாஸ்டிக், அலுமினியப் பிடிகளுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. மரம், எலும்புப் பிடி என்றால் சட்டென்று முடித்துவிட வேண்டும், ஊறவிடவே கூடாது. கொம்புப் பிடி என்றால் தண்ணீரையே தவிர்த்துவிட்டு, எண்ணெயை விட்டு விட்டு அழுக்கை வெளியே தள்ளுங்கள். கொம்பு ஈரத்தில் உப்பி, காயும்போது கோணிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் மெஷினில் எந்த மடக்குக் கத்தியையும் போடக் கூடாது, எவர்சில்வராக இருந்தாலும் சரி.

அடுத்தது காயவைப்பது. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெளியே துடைத்தால் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் அச்சாணியைச் சுற்றி மயிரிழை இடைவெளியில் தண்ணீர் நிற்கும். நன்றாக உதறி, பள்ளத்துக்குள் துணியை விட்டுத் துடைத்து, திறந்தபடியே காற்றோட்டமான இடத்தில் அரைநாள் வைத்துவிடுங்கள். அவசரம் என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டலாம். நேர் வெயிலில் போடாதீர்கள், எலும்பும் கொம்பும் வெடிக்கும்.

காய்ந்த பிறகு எண்ணெய். அலகும் பிடியும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, ஸ்பிரிங்கின் மேல் அலகு உரசும் இடத்தில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். இருபது தடவை திறந்து மூடினால் கறுப்பாக ஒரு எண்ணெய் கசிந்து வரும். அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு சொட்டு, மறுபடியும் இருபது தடவை. வெளியே வருவது கறுப்பு நீங்கித் தெளிவாகும் வரை இதைச் செய்ய வேண்டும். புதுக் கத்தியிலும் கறுப்பு வரும். பாலிஷ் மாவும் உலோகத் தூளும் கலந்த மிச்சம் அது. அதை வெளியேற்றாமல் விட்டால் அதுவே அரைக்கும் பொடியாக மாறி மூட்டைத் தேய்க்கும்.

எந்த எண்ணெய்? உணவு வெட்டும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். அதுதான் மினரல் ஆயில், வாசனை இல்லை, கெட்டுப்போகாது. உணவுக்கு எடுக்காத கத்தி என்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும். சமையல் எண்ணெயை மட்டும் மூட்டில் விடாதீர்கள். அது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகி, கடைசியில் அழுக்கைப் பிடித்து வைக்கும் கோந்தாகிவிடும். தாவர எண்ணெய் எல்லாமே இப்படி என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் அலகுக்குப் பூசுவதற்குக் கமேலியா விதை எண்ணெயைத்தான் வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள், அது அவ்வளவு எளிதில் பிசுபிசுப்பாவதில்லை. டபிள்யூடி-40 பற்றி எப்போதும் ஒரு சண்டை நடக்கும். அந்த டபிள்யூடி என்பதே தண்ணீரை வெளியேற்றுவது என்பதன் சுருக்கம்தான். இறுகிய மூட்டை இளக்கவும், நனைந்த கத்தியிலிருந்து ஈரத்தை விரட்டவும் அது நல்லது. வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு நிஜமான எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும், அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

இறுகிப்போன கத்தி வந்தால் என்ன செய்வது? ஒரு முறை ஈரமான பையின் அடியில் மறந்துபோய் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்த கார்பன் கத்தியைப் பிளையர் வைத்து இழுத்தேன். நகம் மாட்டும் வெட்டின் ஓரத்தில் அலகு ஒரு பொடித்துண்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் எஃகு மெல்லியது, பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. இப்போது நான் செய்வது: மூட்டில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைப்பேன், காலையில் இன்னொரு தடவை விட்டு ஹேர் டிரையரால் சூடு காட்டுவேன், ஒரு மரக்கட்டையால் மூட்டின் மேல் லேசாகத் தட்டுவேன், அப்புறம் அலகைத் தோல்துண்டால் பற்றி ஒரு மில்லிமீட்டர் அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்தால் திரும்ப மூடி, மறுபடி எண்ணெய். இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். துரு செங்கல் நிறத்தில் எண்ணெயோடு வெளியே வந்துகொண்டே இருக்கும், அது தீரும்வரை முழுக்கத் திறக்க முயலாதீர்கள்.

ஒப்பினெல் மாதிரி மரப்பிடிக் கத்தி நனைந்தால் மரம் உப்பி அலகை உள்ளே இறுக்கிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். பிடியின் அடிமுனையை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கும், அங்கிருந்து விரலால் இழுக்கலாம். காய்ந்தால் தானாகச் சரியாகும்.

மூடும்போது ஒரு பழக்கம்

ஸ்பிரிங் கத்தியை முழுச்சத்தத்தோடு படாரென்று மூடுவது பலருக்குப் பிடிக்கும். ஆனால் நிறையக் கத்திகளில் அலகின் கூர் மடங்கும்போது ஸ்பிரிங்கின் மேல் மோதுகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: மெல்லிய காகிதத் துண்டைப் பள்ளத்தின் அடியில் வைத்து, கத்தியை வழக்கம்போல மூடித் திறந்து பாருங்கள். காகிதத்தில் வெட்டு விழுந்திருந்தால் கூர் மோதுகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் அலகை விரல்களால் பிடித்துக் கடைசி வரை கூட்டிக்கொண்டு போய் மூடப் பழகுங்கள், அல்லது பள்ளத்துக்குள் ஒரு சின்னத் தோல்துண்டை ஒட்டிவிடுங்கள். கூர் ஏன் ஒரே இடத்தில் மட்டும் சீக்கிரம் மழுங்குகிறது என்று தெரியாமல் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கல் இதற்கு நேர்மாறானது. பல வருடம் தீட்டித் தீட்டி அலகின் அகலம் குறைந்த கத்தியில், மூடிய பிறகும் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பைக்குள் கைவிட்டால் குத்தும். அலகின் அடியில், கூர் தொடங்கும் இடத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மூக்கு இருக்கும். மூடும்போது ஸ்பிரிங்கில் போய் நிற்பது அதுதான். அந்த மூக்கை மெல்லிய அரத்தால் துளித் துளியாக ராவினால் அலகு இன்னும் கீழே இறங்கும், முனை உள்ளே போகும். இரண்டு இழுப்பு, மூடிப் பார், இன்னும் இரண்டு இழுப்பு, மூடிப் பார். அதிகம் ராவிவிட்டால் கூர் ஸ்பிரிங்கில் மோத ஆரம்பிக்கும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

துருவும் கறையும்

கார்பன் அலகு நிறம் மாறுவதைப் பார்த்ததும் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். சாம்பல், நீலம், கறுப்பு இந்த நிறங்களில் படிவது நல்ல படலம். இரும்பின் கறுப்பு ஆக்சைடு, எஃகோடு ஒட்டி நிற்கும், அடுத்த துரு வருவதைத் தாமதப்படுத்தும். ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வருவதுதான் துரு. அது பொருக்காகப் பெயரும், அடியில் புது எஃகைத் திறந்துவிடும், மேலும் மேலும் உள்ளே போகும். விரலால் தடவிப் பார்த்து விரலில் ஒட்டினால் அன்றே எடுத்துவிடுங்கள்.

லேசான துருவுக்கு எண்ணெய் விட்டு பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தாலே போகும். இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கலாம், அதற்கும் மசியாவிட்டால் நான்கு சுழி ஸ்டீல் வூல், அதாவது இருப்பதிலேயே மிகவும் நைசானது, எண்ணெயோடு சேர்த்து. எப்போதும் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். உள்ளே குழி விழுந்துவிட்டிருந்தால் குழியை அழிக்கப் பார்க்காதீர்கள். அதற்கு அலகின் முகத்தையே ராவ வேண்டிவரும். சிவப்பு போய்க் கறுப்புப் புள்ளியாக நின்றால் போதும்.

சிலர் புது அலகை வினிகரில் நனைத்த துணியால் சுற்றி வைத்து ஒரே நாளில் அந்தச் சாம்பல் படலத்தை வரவழைக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வியர்வைக் கைக்காரர்களுக்கு உதவியாகவும் இருக்கும். வினிகர் மூட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரைமணிக்குள் எடுத்து சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்து எண்ணெய் பூசுங்கள், கூரை மறுபடி தீட்டிக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது தானாக வருவதுதான். ஆப்பிள், வெங்காயம், பூக்காம்பு என்று அந்தக் கத்தி என்னென்ன வெட்டியதோ அதெல்லாம் அலகில் நிறமாகத் தங்கியிருக்கும், இரண்டு கத்தி ஒரே மாதிரி இருக்காது.

தினசரி வேலை என்று பார்த்தால் மிகக் கொஞ்சம்: வெட்டி முடித்ததும் மடக்குவதற்கு முன்னால் துடைக்க வேண்டும். முன்னால், கட்டாயம் முன்னால். ஈரத்தோடு மடக்கினால் அந்த ஈரம் நேராக ஸ்பிரிங்குக்குப் போகிறது. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் கார்பன் அலகில் ஒரு பூச்சு எண்ணெய். விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தடவி, திரும்பவும் துணியால் துடைத்துவிட வேண்டும், மிஞ்சுவதே போதும்.

வைக்கும் இடம்: தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை வாங்கி வைக்கும், பதனிடப் போட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். உறை எடுத்துக்கொண்டு போவதற்கு, அடுக்கி வைப்பதற்கு இல்லை. பழைய கத்தி சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. செல்லுலாய்டு பிடி போட்ட கத்திகள் வயதானால் சிதைந்து அமில வாயுவை வெளியிடும், ஒரே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளின் அலகையும் அரித்துவிடும். பிடி வெளிறி, சுருங்கி, நொறுங்க ஆரம்பித்த கத்தியைக் கண்டால் உடனே தனியாக எடுத்து வையுங்கள், நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு பற்றி எரியும்.

மரப்பிடிக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை ஆளிவிதை எண்ணெய் தடவலாம், அது மரத்துக்குள் இறுகி ஈரத்தைத் தடுக்கும். தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றில் உறையும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துப் போட்டுக் காயவைத்து, அல்லது தண்ணீரில் நனைத்துத்தான் எறிய வேண்டும்.

தீட்டுவது

சாணைக்கல்லில் ஆயிரம் நம்பர் கல் ஒன்று இருந்தால் மடக்குக் கத்திக்குப் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கூர் பெயர்ந்திருந்தால் மட்டும் நானூறு மாதிரி சொரசொரப்பானது தேவை. கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. டிகிரியை எப்படிக் கண்ணால் பார்ப்பது என்றால், அலகின் அகலத்தில் கால் பங்கு அளவுக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் கிட்டத்தட்ட 15 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 20 டிகிரி. அலகு 15 மில்லிமீட்டர் அகலம் என்றால் முதுகு 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாணயங்களை அடுக்கி அந்த உயரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும்.

கூரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. மேலே மட்டும் அழிந்தால் முதுகு தாழ்வாக இருக்கிறது, விளிம்பில் மட்டும் அழிந்தால் உயரமாக இருக்கிறது. ஒரு பக்கம் தீட்டித் தீட்டி மறுபக்கத்தில் அடி முதல் நுனி வரை பிசிறு, அதாவது கூரிலிருந்து மடிந்து நிற்கும் மெல்லிய உலோக ஓரம், எழ வேண்டும். விரலைக் கூரின் குறுக்கே வெளிப்பக்கமாகத் தடவினால் தட்டுப்படும். பிசிறு எழாமல் பக்கம் மாற்றினால் அது தீட்டியது ஆகாது, எத்தனை மணிநேரம் தேய்த்தாலும் மழுங்கலாகவே இருக்கும். பிசிறு வந்ததும் பக்கம் மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் தோல் பட்டையில் கூரைப் பின்னோக்கி இழுத்துப் பிசிறை உதிர்க்க வேண்டும். பச்சைப் பாலிஷ் கட்டி தடவிய தோல் என்றால் இன்னும் நல்லது. வாரத்துக்கு ஒருதரம் தோலில் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தால் கல்லுக்கு மாதக்கணக்கில் போக வேண்டியதில்லை.

மோட்டார் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். சாதாரணக் கார்பன் எஃகை 200 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில்தான் பதம் போட்டிருப்பார்கள், அதாவது கடினமாக்கிய எஃகு நொறுங்காமல் இருக்க அளவாக மறுபடி சூடாக்கியிருப்பார்கள். சக்கரத்தின் பொறியில் கூர் ஒரு நொடியில் அதைத் தாண்டிவிடும். விளிம்பு நீலமாகிவிட்டால் சூடு 300 டிகிரிக்கு அருகே போய்விட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் அங்கே நிற்காது, அந்தப் பகுதியையே கல்லில் கரைத்துத் தள்ளினால்தான் உண்டு.

சரி, எந்த எஃகு

கார்பன் ஸ்டீல் என்பது அடிப்படையில் இரும்பும் கரியும். அமெரிக்கக் கத்திகளில் அதிகம் வரும் 1095 எஃகில் கரி 0.95 சதவீதம் அளவு, மற்றது பெரும்பாலும் இரும்பு. எவர்சில்வர் என்று நாம் சொல்வதில் குரோமியம் சேர்ந்திருக்கும். குறைந்தது பத்தரை சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயர், கத்திகளில் வழக்கமாக 13 சதவீதம் அளவில் இருக்கும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும், கீறினாலும் திரும்ப மூடிக்கொள்ளும். ஆனால் அந்தக் குரோமியம் எஃகுக்குள் தனியாக இருக்க வேண்டும். கரியோடு சேர்ந்து துகளாகிவிட்ட குரோமியம் துருவைத் தடுக்காது. டி2 எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பது இதனால்தான், அதில் கரி ஒன்றரை சதவீதம்.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தைக் குறைக்கும் வேலையில் இருந்தபோதுதான் அவருடைய துருப்பிடிக்காத எஃகு வந்தது, குரோமியம் 12.8 சதவீதம், கரி 0.24 சதவீதம். கரி அவ்வளவு குறைவாக இருந்தால் கத்திக்கு வேண்டிய கடினம் வராது, தொடக்ககால எவர்சில்வர் கத்திகள் வெட்டுவதில் ஏமாற்றமாகவே இருந்தன. 'எவர்சில்வர் கத்தி வெட்டாது' என்று இன்றைக்கும் சொல்வது அந்தக் காலத்து மனக்குறையின் மிச்சம். இன்றைய எஃகு அப்படியில்லை. விக்டோரினாக்ஸ் 1921இல் எவர்சில்வருக்கு மாறியது, பிரெஞ்சில் அதற்குள்ள 'இனாக்ஸ்' என்ற சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஒப்பினெல் தன் எவர்சில்வர் அலகுகளுக்கு எடுக்கும் ஸ்வீடனின் 12சி27 வகை எஃகு ரொம்ப நைசான கூர் வாங்கும்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? முதல் வித்தியாசம் கல்லில். கார்பன் கல்லைக் கடிப்பது கையில் தெரியும், பிசிறு சீக்கிரம் எழும், சுத்தமாக உதிரும். சாதாரண எவர்சில்வரில் பிசிறு கூரை விட்டுப் போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டே இருக்கும், அதை உதிர்க்கத் தோலில் கூடுதலாக இழுக்க வேண்டும். புதிதாகத் தீட்டப் பழகுகிறவருக்குக் கார்பன் நல்ல ஆசிரியர் என்று நான் சொல்வது இதனால்தான்.

கூர் நிற்கும் காலத்தில் இந்த எளிய எஃகுகளுக்குள் பெரிய இடைவெளி கிடையாது. எஃகின் பெயரை விட அதை எப்படிச் சூடாக்கி, குளிரவைத்துப் பதம் போட்டார்கள் என்பதும், கூர் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்பதும்தான் அதிகம் பேசும். 420ஹெச்சி சாதாரண எவர்சில்வர்தான்; பக் நிறுவனம் அதையே நல்ல பதம் போட்டு நன்றாக வெட்டும் கத்தியாக்கிவிடுகிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. கார்பன் அலகால் புளிப்பான பழத்தை வெட்டித் துடைக்காமல் வைத்தால், கண்ணுக்குத் துரு தெரிவதற்கு முன்பே கூரின் நுனி அரித்துப்போகும். மழுங்கியது தேய்மானத்தால் என்று நினைப்போம், உண்மையில் அது அமிலம் தின்றது.

எவர்சில்வரும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கத் தயங்கும் எஃகு என்று சொல்வதே பொருத்தம். அதன் எதிரி உப்பு. கடல்நீர், வியர்வை இரண்டிலும் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே இறங்கும். கார்பன் துரு மேலே பரவலாக வந்து சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். எவர்சில்வரில் வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும், அடியில் குழி ஆழமாக இருக்கும். கடலோரம் எடுத்துப் போன கத்தியை, எந்த எஃகானாலும், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் பழக்கத்தைப் பார்த்துத்தான். வெட்டி முடித்ததும் கத்தியை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போகிறவரா? தினமும் பழம், காய் வெட்டுகிறவரா? உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க வேலை செய்கிறவரா? பயணப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆறு மாதம் அதைப் பற்றி நினைக்காதவரா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் எவர்சில்வர் வாங்குங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பிறருக்குப் பரிசு கொடுப்பது என்றாலும் எவர்சில்வர்தான். கத்தி பராமரிக்கத் தெரியாதவர் கையில் கார்பன் போனால் ஒரே வாரத்தில் சிவந்துவிடும், அவருக்கு மனவருத்தம். அட்டை, கயிறு, மரக்குச்சி சீவுவது, பென்சில் சீவுவது, தோட்டத்தில் ஒட்டுக்கட்டுவது இதெல்லாம் முக்கிய வேலை என்றால், சும்மா இருக்கும் நேரத்தில் கத்தியை எடுத்துத் துடைப்பதே உங்களுக்குப் பிடித்த வேலை என்றால், கார்பன். வெட்டிய பழத்தில் முதல் சில வாரம் இரும்பு வாடை அடிக்கும், படலம் படியப் படிய அது குறைந்துவிடும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். பையில் போவது எவர்சில்வர், மேஜையில் கிடப்பது கார்பன்.

இரண்டில் எது வாங்கினாலும் வந்த அன்றைக்கே ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள், அப்புறம் கொடுக்க முடியாது. மூடிய நிலையில் முனை முழுக்க உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காகிதச் சோதனை செய்யுங்கள். சோப்புத் தண்ணீரில் மூட்டைக் கழுவி, காயவைத்து, அந்தக் கறுப்பு எண்ணெய் தெளியும்வரை திறந்து மூடுங்கள். கம்பெனிக் கூர் பெரும்பாலும் சொரசொரப்பாகவும் கோணம் பெரிதாகவும் இருக்கும், முடிந்தால் அன்றைக்கே கல்லில் உங்கள் கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். கார்பன் என்றால் முதல் பத்து நாள் ராத்திரி ஒருதரம் அலகைப் பாருங்கள், விரல்ரேகை பட்ட இடத்தில்தான் முதல் சிவப்பு தோன்றும்.